நிவாரண வண்டி திரும்பிய பிறகு: வார்டு அளவில் செய்ய வேண்டியவை

வெடி விபத்தோ வெள்ளமோ கலவரமோ ஒரு தெருவைத் தாக்கினால், முதல் நாள் அங்கே கால் வைக்க இடம் இருக்காது. ஆட்சியர் வருவார், அமைச்சர் வருவார், காமிராக்கள் வரும், சாப்பாட்டுப் பொட்டலம் வேண்டிய மட்டும் வரும். காரியம் முடிந்து பந்தல் பிரித்ததும் எல்லோரும் போய்விடுவார்கள். அந்த வீட்டுக்குள் துக்கம் முழுதாக நுழைவது அப்போதுதான். நகராட்சியும் வார்டும் உண்மையில் வேலையைத் தொடங்க வேண்டிய நேரமும் அதுதான். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில் மகளிர் குழு ஊக்குநராகத் தொடங்கி, பின்னர் நகராட்சியில் சமுதாய அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வார்டு உறுப்பினர்கள், குழுத் தலைவிகள், செவிலியர்கள், ஆசிரியர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன்.

நம் பகுதி பட்ட அடிகளை நினைத்துப் பாருங்கள். 2023 ஜூலை 29 அன்று கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து 9 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில், மாநில எல்லை தாண்டியதும் வரும் அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை எரிந்தது. தீபாவளிக்கு நாலு காசு சம்பாதிக்கப் போன தருமபுரி மாவட்டத்துப் பிள்ளைகள் பலர் அதில் போனார்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பேருந்து நிலையம் அருகே நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் வெள்ளம் உருட்டிக்கொண்டு போனதை எல்லோரும் பார்த்தோம். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்து நத்தம் காலனியிலும் அதை ஒட்டிய குடியிருப்புகளிலும் தலித் மக்களின் வீடுகள் 200க்கும் மேல் கொளுத்தப்பட்டன. அதற்கும் முன்னால், 1992 ஜூன் 20 அன்று வாச்சாத்தியில் அரசுத் துறையினரே ஊருக்குள் புகுந்து செய்த கொடுமை. இவை ஒவ்வொன்றுக்கும் நிவாரணக் கணக்கு இருக்கிறது. மனதுக்குள் என்ன ஆயிற்று என்ற கணக்கை வைத்திருக்கும் பதிவேடு ஒன்றுகூட எந்த அலுவலகத்திலும் என் கண்ணில் பட்டதில்லை.

ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள்

மனநலம் என்றதும் பெங்களூரிலிருந்து நிபுணர் வர வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். அங்கே இருக்கும் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை நமக்குப் பக்கம்தான், தேவைப்படுகிறவர்கள் போகத்தான் வேண்டும். ஆனால் ஒரு தெருவே நிலைகுலைந்து கிடக்கும்போது பெரும்பாலானவர்களுக்கு வேண்டியது, தெரிந்த முகம் ஒன்று திரும்பத் திரும்ப வருவது.

அந்த முகங்கள் நம்மிடம் உண்டு. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்களை அரசு முதன்முதலாகத் தொடங்கியது 1989-ல், நம் தருமபுரி மாவட்டத்தில்தான். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு வீடு வீடாகப் போகும் அந்தத் தன்னார்வலரை எந்த வீட்டிலும் திண்ணையில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுப்பார்கள். இதைவிடப் பெரிய தகுதி இந்த வேலைக்கு வேண்டாம்.

ஜிம்பாப்வேயின் ஹராரே நகரம் இதைச் செய்து காட்டியிருக்கிறது. 2005-ல் அங்கே அரசே குடியிருப்புகளை இடித்துத் தள்ளியதில் லட்சக்கணக்கானோர் வீடிழந்தார்கள். மறு ஆண்டு டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர், நகரச் சுகாதார மையங்களில் ஏற்கெனவே பணியில் இருந்த பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்தார். மைய வாசலில் ஒரு மர பெஞ்சைப் போட்டு அதில் அவர்களை உட்கார வைத்தார். வந்தவர்களின் பிரச்சினையைக் கேட்டு, அதில் ஒன்றை எடுத்து அடுத்த வாரத்துக்குள் என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்பதுதான் பாட்டிகளின் வேலை. அதனால் மனச்சோர்வு குறைந்ததை 2016-ல் வெளியான ஆய்வு உறுதிசெய்தது. நம் நகர்ப்புற நலவாழ்வு மையத்தின் வாசலிலும் வேப்ப மரமும் சிமென்ட் பெஞ்சும் இருக்கின்றன. குழுவில் இருபது, முப்பது ஆண்டு பழகிய பெரியம்மாக்களும் இருக்கிறார்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருக்கிறது. தருமபுரிக்கும் உண்டு, கிருஷ்ணகிரிக்கும் உண்டு. வார்டுக்கு இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்களுக்குப் பயிற்சி தரும்படி நகராட்சி ஆணையர் வழியாக அந்தக் குழுவுக்குக் கடிதம் எழுதுங்கள். விபத்து நடக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில் ஒன்றைக் கவனியுங்கள். நன்றாகப் பேசுகிறவரைத் தேடாதீர்கள். கேட்டதை வெளியே சொல்லாதவரைத் தேடுங்கள்.

முதல் நாட்கள்: பிணவறை வாசலும் ஒரு ஃபைலும்

உலக சுகாதார அமைப்பு சொல்லும் உளவியல் முதலுதவி, பார், கேள், இணைத்துவிடு என்ற மூன்று சொற்களில் அடங்கும். யார் தனியாக நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பேச விரும்பினால் கேட்க வேண்டும். வேண்டிய உதவி எங்கே கிடைக்குமோ அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ‘என்ன நடந்தது, விவரமாகச் சொல்லுங்கள்’ என்று தோண்டக் கூடாது. பாதிக்கப்பட்டவர்களை வட்டமாக உட்கார வைத்து நடந்ததையெல்லாம் கொட்ட வைக்கும் ஒருநாள் முகாம்கள் பலன் தருவதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யும் என்பதால் அந்த அமைப்பே அவற்றைப் பரிந்துரைப்பதில்லை. ‘ஆலோசனை முகாம் நடத்திவிட்டோம்’ என்று படம் எடுத்து அனுப்புகிற வழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள்.

முதல் நாள் மிகவும் தேவைப்படும் இடம் அரசு மருத்துவமனைப் பிணவறை வாசல். அடையாளம் காட்ட யார் உள்ளே போவது என்று அங்கே ஒரு திண்டாட்டம் நடக்கும். தாயையோ மனைவியையோ இழுத்துக்கொண்டு போக ஒருவர் அவசரப்படுவார். அவர்கள் பார்க்க விரும்புகிறார்களா என்று முதலில் கேளுங்கள். உள்ளே என்ன இருக்கும், முகம் எப்படி இருக்கும், எவ்வளவு மூடியிருக்கும் என்பதை ஊழியரிடம் கேட்டுவந்து, நடந்து போகும்போதே மெதுவாகச் சொல்லிவிடுங்கள். ‘கை மட்டும் பார்த்தால் போதும்மா, மோதிரம் இருக்கிறதா என்று பார்’ என்று சொன்னால் சில பெண்கள் நிமிர்ந்து நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். வெளியே வந்ததும் உட்கார ஓர் இடமும் ஒரு டம்ளர் தேநீரும் தயாராக இருக்கட்டும். செல்பேசியில் படம் பிடிப்பவர்களைத் தள்ளி நிறுத்த இரண்டு இளைஞர்கள் வேண்டும்.

பிறகு ஃபைல். ஒரு வீட்டுக்கு ஒன்று, கடையில் பத்து, இருபது ரூபாய்க்குக் கிடைக்கும் பிளாஸ்டிக் ஃபைல் போதும். முதல் தகவல் அறிக்கை நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், குடும்ப அட்டை, ஆதார் எல்லாம் அதில் இருக்க வேண்டும். இறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட்டால் கட்டணம் இல்லை. வெள்ளத்தில் நனைந்த பட்டா, மதிப்பெண் சான்றிதழ் ஆகியவற்றை வெயிலில் போடாதீர்கள், இஸ்திரிப் பெட்டியும் வைக்காதீர்கள். ஒவ்வொரு தாளுக்கும் இடையே எழுத்தில்லாத வெள்ளைத்தாள் வைத்து நிழலில் உலர்த்துங்கள். இதற்கும் மனநலத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள், மகளின் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழைச் சேற்றிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு தாயைப் பார்த்ததில்லை. கையில் காகிதம் வந்ததும் அவள் மூச்சு விடுகிறாள். தாலுகா அலுவலகத்துக்கு அவளோடு ஒரு நடை போய்வருவது பல ஆறுதல் பேச்சுக்குச் சமம்.

காசோலை வந்ததும் இன்னொரு துன்பம் தொடங்கும். மாமியாருக்கா மருமகளுக்கா என்ற பேச்சு எழும். புருஷனைப் பறிகொடுத்த இளம்பெண்ணை, பணம் வந்த மாதமே தாய் வீட்டுக்கு அனுப்பிவிடப் பார்ப்பார்கள். இது நடக்கும் என்று எதிர்பார்த்தே இருங்கள். காசோலை வருவதற்கு முன்பே இரண்டு பக்கமும் மதிக்கும் ஒருவரை வைத்துப் பேசிவிடுங்கள். மிரட்டலோ அடியோ இருந்தால் மகளிர் உதவி எண் 181, மாவட்டத்திலுள்ள ஒருங்கிணைந்த சேவை மையம். குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் 1098.

சொல்லக்கூடாதவையும் சிலவுண்டு. ‘எல்லாம் விதி’, ‘அழாதே, பிள்ளைகளுக்காகத் தைரியமாக இரு’, ‘உனக்காவது கால்தான் போயிற்று’. இவற்றைச் சொல்பவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனாலும் கேட்பவரின் வாயை அவை அடைத்துவிடுகின்றன. ‘நான் செவ்வாய்க்கிழமை வருகிறேன்’ என்று சொல்லிவிட்டு, செவ்வாய்க்கிழமை போய் நில்லுங்கள்.

பதினாறாம் நாளுக்குப் பிறகு

தூக்கம் வராது, சிறு சத்தத்துக்கும் உடம்பு தூக்கிப்போடும், நடந்தது கண்முன் வந்துகொண்டே இருக்கும், அந்த இடத்தின் வழியாகப் போக மனம் வராது. முதல் சில வாரங்களில் இவை நோய் அல்ல. வெடிச் சத்தம் கேட்ட தெருவில் குக்கர் விசில் அடித்தால் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடிவரும் பெண்கள் உண்டு. அப்படி ஓடிவந்த ஓர் அக்கா தனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதென்றே நம்பியிருந்தார். ‘உங்கள் தெருவில் பாதிப்பேருக்கு இப்படித்தான் இருக்கிறது அக்கா’ என்று சொன்னதும் அவர் தோள் தளர்ந்ததைக் கண்ணால் பார்த்தேன். பிறகு குழுவிலிருந்த இரண்டு பேர் அவர் வீட்டில் அவரோடு நின்று குக்கர் வைத்தார்கள். முதலில் விசில் வருவதற்குள் இறக்கிவிடுவது, பிறகு ஒரு விசில், பிறகு இரண்டு. அவசரமில்லாமல், அவர் சம்மதத்தோடு, அவர் கையால்.

ஒரு மாதம் கடந்தும் இவை குறையவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை, சமைக்கவில்லை, குளிக்கவில்லை என்றால் மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலி மானஸ் எண் 14416, நாள் முழுதும், தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை. மருத்துவ உதவி எண் 104-ம் உண்டு. செத்துப்போகலாம் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ‘ஆமாம்’ என்றால் அவரைத் தனியாக விடாதீர்கள், பூச்சிமருந்து டப்பாவையும் மாத்திரைகளையும் வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள், அன்றே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். மருந்துக் கடையில் தாங்களாகத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பது கூடாது. ஆண்கள் டாஸ்மாக் பக்கம் சாய்வதைத் தெருவே ‘பாவம், துக்கம்’ என்று விட்டுவிடும். ஆண்களின் துக்கத்துக்கும் ஓர் ஆள் வேண்டும். டீக்கடை அண்ணனோ ஆட்டோ ஸ்டாண்டில் மூத்தவரோ அதற்குச் சரியான ஆள்.

மொழியை மறந்துவிடாதீர்கள். ஓசூர், சூளகிரி, வேப்பனப்பள்ளிப் பக்கம் வீட்டுக்குள் தெலுங்கோ கன்னடமோதான். கிருஷ்ணகிரி நகரத்தில் உருது பேசும் வீடுகள் நிறைய. தமிழ் நன்றாகத் தெரிந்தவரும் அழுவது அவருடைய வீட்டு மொழியில்தான். தேர்ந்தெடுத்த இரண்டு பேரில் ஒருவருக்காவது அந்தத் தெருவின் மொழி தெரிந்திருக்கட்டும்.

குழந்தைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பள்ளியைச் சீக்கிரம் திறக்க வேண்டும், காலை உணவும் மணி அடிப்பதும் பழையபடி நடக்க வேண்டும். அதுவே பெரிய மருந்து. படம் வரையச் சொல்லலாம், விபத்தைத்தான் வரைய வேண்டும் என்று சொல்லக்கூடாது. இறந்த தகப்பனை ‘வெளியூர் போயிருக்கிறார்’ என்று மறைக்காதீர்கள்.

மனிதர் செய்த கொடுமை என்றால்

மழையும் தீயும் வேறு. பக்கத்து ஊர்க்காரன் வந்து வீட்டைக் கொளுத்தினான் என்றால் அந்தக் காயம் வேறு. இங்கே நகராட்சிகளும் வருவாய்த் துறையும் உடனே அமைதிக் குழு கூட்டுவார்கள். கூட்டத்தில் கைகுலுக்கச் சொல்வார்கள். அடிபட்டவரைப் பார்த்து ‘மறந்துவிடுங்கள்’ என்பார்கள். நான் இதை முழுமனதோடு எதிர்க்கிறேன். வழக்கு பதிவாகி, இழப்பீடு கிடைத்து, பயமில்லாமல் கடைத்தெருவுக்குப் போய்வர முடிகிறது என்ற நிலை வந்த பிறகுதான் சமரசப் பேச்சுக்கு அர்த்தம் உண்டு. அதற்கு முன்பு நடத்துவது பாதிக்கப்பட்டவரை இன்னொரு முறை அடிப்பது.

அரூர் அருகே வாச்சாத்தி மக்கள் நமக்கு இதைக் கற்பித்தார்கள். வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையைச் சேர்ந்தவர்களே ஊருக்குள் புகுந்து வீடுகளைச் சூறையாடினார்கள், 18 பெண்களை வன்கொடுமை செய்தார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்றது, அதில் 54 பேர் அதற்குள் இறந்திருந்தார்கள். 2023-ல், மேல்முறையீட்டை விசாரித்த உயர்நீதிமன்ற நீதிபதி ஊருக்கே நேரில் வந்து பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று தண்டனையை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டார். முப்பத்தொரு ஆண்டுகள். அத்தனை காலமும் அந்தப் பெண்கள் தனித்தனியாக இல்லை, சேர்ந்தே நீதிமன்றப் படியேறினார்கள், சங்கங்கள் கூடவே நின்றன. ஆகவே சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச வழக்கறிஞரைக் கண்டுபிடிப்பதும், வாய்தா நாளில் கூடப் போக ஆள் ஏற்பாடு செய்வதும் மனக்காயத்துக்கான சிகிச்சையின் பாகம்தான். வார்டில் இதற்கென ஒரு பதிவேடு வைத்து, அதில் இதையும் எழுதுங்கள்.

நினைவும் பணியாளர்களும்

கூட்டாக அழுவதற்கு நம் மண்ணில் இடம் உண்டு. பாரதக் கூத்தில் துரியோதனன் சாகும் படுகளம் அன்று மண்ணில் செய்த துரியோதனனைச் சுற்றி நின்று பெண்கள் மாரடித்து அழுவதைத் தருமபுரிப் பக்கத்து ஊர்களில் இன்றும் பார்க்கலாம். தன் வீட்டுத் துக்கத்தையும் சேர்த்துத்தான் அன்று அழுகிறார்கள். இந்த மாவட்டங்களில் வயல் ஓரமெல்லாம் நடுகற்கள் நிற்கின்றன, தருமபுரி அகழ்வைப்பகத்தில் அவற்றை வரிசையாக வைத்திருக்கிறார்கள். இறந்தவனைப் பொது இடத்தில் பெயரோடு நிறுத்தும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. எனவே முதலாண்டு நினைவு நாளில் நகராட்சி ஏதாவது செய்ய வேண்டும். கட்-அவுட்டும் மேடையும் வேண்டாம். குடும்பங்களிடம் கேட்டு, அவர்கள் விரும்பினால் பெயர்கள் பொறித்த ஒரு கல், ஒரு மரம், ஒப்பாரி தெரிந்த மூதாட்டி ஒருவர். விரும்பவில்லை என்றால் அதையும் மதியுங்கள். பட்டாசு விபத்து நடந்த தெருவென்றால், தீபாவளிக்கு முன்பே வீடு வீடாகப் போய் எப்போது, எங்கே வெடிப்பது என்று பேசி முடிவு செய்யுங்கள்.

இடிபாட்டிலிருந்து உடல்களை எடுத்த தூய்மைப் பணியாளர், தீயணைப்பு வீரர், 108 ஓட்டுநர், பிணவறை ஊழியர் ஆகியோரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மறுநாள் காலை அதே தெருவைக் கூட்டப் போகிறார்கள். அவர்களுக்குச் சுழற்சி விடுப்பும், குளித்து உடை மாற்ற இடமும், மேற்பார்வையாளர் ஒரு வாரம் கழித்து ‘தூங்குகிறாயாப்பா?’ என்று கேட்பதும் உத்தரவாகவே இருக்க வேண்டும். அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் 2020-ல் இதற்கு ஒரு நகரச் சட்டமே இயற்றியது. ஒரு பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்ததும், மாணவர்கள் நகர மன்றத்தில் வந்து பேசியதும் அதற்குக் காரணம். நூலகப் பணியாளர்கள் உட்பட நகர ஊழியர்களுக்கு மனக்காயம் பற்றிய பயிற்சி தர வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். நம் நகராட்சியில் வரி வசூலிக்கப் போகும் ஊழியருக்கும் குடிநீர்க் குழாய் திறப்பவருக்கும் அதே பயிற்சி கொடுத்தால், எந்த வீட்டுக் கதவு நாள்கணக்கில் திறக்கவில்லை என்று அவர்கள்தான் முதலில் சொல்வார்கள்.

அடுத்த மழைக்குத் தயாராவதும் பயத்துக்கு மருந்துதான். வெள்ளம் பார்த்த தெருவில் மேகம் கறுத்தாலே மூட்டை கட்டுவார்கள். அவர்களைக் கொண்டே வார்டு வரைபடம் போடச் சொல்லுங்கள். ஏரி உபரிநீர் எந்த வழியாக வரும், படுத்த படுக்கையாக யார் இருக்கிறார்கள், எந்த மாடியில் எத்தனை பேர் தங்கலாம், மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077-க்கு யார் அழைப்பது. வரைபடத்தில் தன் கையால் கோடு போட்டவர் அடுத்த மழையில் வெறுமனே நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை.

இவற்றையெல்லாம் நல்ல மனதுள்ள ஓர் ஆணையரை நம்பி விடாதீர்கள், அவர் மாறுதலாகிப் போவார். பகுதி சபா கூட்டத்தில் எழுப்பி, வார்டு குழு வழியாக நகர்மன்றத்தில் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். தீர்மானத்தில் ஐந்து விஷயம் எழுத்தில் இருக்கட்டும்: வார்டுக்கு இரண்டு பேர் யார் யார், அவர்களுக்குப் பயணப்படி எந்தத் தலைப்பிலிருந்து, நலவாழ்வு மையத்தில் எந்தக் கிழமை எத்தனை மணிக்குப் பெஞ்சில் உட்காருவது, விபத்து நடந்தால் ஓராண்டு வரை எந்தெந்த நாளில் வீட்டுக்குப் போவது, பதிவேடு யார் பொறுப்பில் பூட்டி வைப்பது. பதிவேட்டில் பெயருக்குப் பதில் எண் போடுங்கள். தீர்மான நகலைக் கையெழுத்தோடு வாங்கி, குழுக் கூட்டமைப்பின் அலுவலகத்தில் ஒரு பிரதி, நலவாழ்வு மையத்தில் ஒரு பிரதி வையுங்கள். அடுத்த கூட்டத்துக்கான தேதியையும் அன்றே குறித்துக்கொண்டு எழுந்திருங்கள்.